பதினான்காம் எண் வாய்

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி வெளியே கொட்டினேன். விறகு வைத்தேன். செம்புக் குவளையில் காபி வைத்து, பொங்குவதற்கு முன் இறக்கினேன். நின்றுகொண்டே குடித்தேன். மூன்று பேட்டரிகளைச் சார்ஜரிலிருந்து எடுத்து உள்சட்டைப் பையில் போட்டேன். உடம்புச் சூட்டில் இல்லாவிட்டால் குளிரில் அரைமணி நேரத்தில் செத்துவிடும். கேமரா மட்டும் இரவெல்லாம் வெளித்தாழ்வாரத்திலேயே கிடக்கும். உள்ளே கொண்டுவந்தால் வியர்க்கும். முகம் கழுவினேன். சவரம் செய்யவில்லை. முப்பத்தெட்டாவது நாள். நாற்பது முடிகிறவரை எங்கள் ஆண்கள் கத்தி வைப்பதில்லை. தாடை அரித்தது. பூட்ஸ் மாட்டினேன். வெளியே வந்து கேட்டைத் திறந்தேன்.

கேட்டில் நெவேனா ஒட்டப்பட்டிருந்தாள்.

அஞ்சலித் தாள். யாராவது போய்விட்டால் கறுப்புக் கட்டத்துக்குள் படம் போட்டு, வீட்டு வாசலிலும் கம்பங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று. ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டார்கள். காற்றும் மழையும்தான் கிழிக்க வேண்டும். முதல் தாளில் அடையாள அட்டைப் படத்தைப் போட்டோம். நாற்பதாம் நாள் தாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் மாமியார் ஸ்லாட்கா அத்தை சொல்லியிருந்தார். விடியுமுன் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பசை ஓரத்தில் வழிந்து உறைந்திருந்தது, சளி மாதிரி.

படம் நான் எடுத்தது. வெள்ளைப் போலி ரோமக் கோட்டு, தலையில் பனித்துகள், குளிரில் சிவந்த கன்னம். கண்கள் நெவேனாவுடையவை. கன்னம் அவளுடையது. வாய் அவளுடையது இல்லை.

அகலமான சிரிப்பு. மேல்வரிசையில் எட்டுப் பற்கள். இடப்பக்கம் இரண்டாவது பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. அந்தப் பல்லை எனக்குத் தெரியும். டிசம்பரில் பிளோவ்திவிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டத்தில் மணப்பெண்ணின் தோழி. வெங்காயத்தாள் வைத்த பானிட்சா அப்பத்தைத் தின்றுவிட்டு நேராக என் முன்னால் வந்து சிரித்தாள். பச்சையாக ஒரு துணுக்கு அந்த இரண்டு பற்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை எடுத்தேன். என் மனைவியின் முகத்தில் அந்த வாய் இருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு வரி. அவள் கடைசியாகச் சொன்னது: ‘அம்மாவைப் பார்த்துக்கொள்.’

அந்த வரியும் அவளுடையது இல்லை. என்னுடையது. ஆஸ்பத்திரி நடைவழியில் அத்தை என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னேன்.

வேலைக்கு நடந்தேன். மின்கம்பத்தில் அந்த வாய். மருந்துக்கடைச் சுவரில் அந்த வாய். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு தாள்கள், இரண்டு வாய்கள். ஊரெல்லாம் வெங்காயத்தாள் நாறியது.

ரோப்கார் அடிவாரத்தில் எங்கள் படக் கடை. பிளாமென் முதலாளி. நான் படம் எடுப்பவன். நெவேனா கோட்டுகளையும் தொப்பிகளையும் வாடகைக்குக் கொடுப்பாள். வாடிக்கையாளரை நிறுத்துவதற்கு முன் நான் அவளை நிறுத்தி வெளிச்சம் பார்ப்பேன். பனியை நம்பி எடுத்தால் கேமரா ஏமாந்துவிடும். பனி சாம்பலாகவும் முகம் கரியாகவும் விழும். அதனால் முதல் இரண்டு மூன்று படங்கள் எப்போதும் அவள்தான். இப்போது அந்த இடத்தில் ஒரு பனிச்சறுக்குக் கட்டையை நட்டு வைக்கிறேன்.

மாலையில் படங்களைச் சரிசெய்வது பெரும்பாலும் பிளாமெனின் வேலை. குளிரில் ஒருவருக்கும் முகம் ஒழுங்காக நிற்காது. ஒரு படத்தில் கண் மூடியிருக்கும், இன்னொன்றில் உதடு இழுத்துக்கொள்ளும். இதிலிருந்து கண், அதிலிருந்து வாய் என்று எடுத்து ஒட்டுவார். எல்லாக் கடையிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் சிலருக்கு இருபது படத்திலும் ஒரு நல்ல வாய் தேறாது. அவர்களுக்காக அவர் ஒரு கோப்பு வைத்திருக்கிறார். அதன் பெயர் ‘வாய்கள்’. முப்பத்தொன்று இருக்கின்றன, எண் போட்டு. வேறொருவர் வாயோடு படத்தை வாங்கிப்போன யாரும் இதுவரை திரும்பி வந்து கேட்டதில்லை. பெண்டாட்டி முகத்தில் இருக்கும் வாய் பெண்டாட்டியுடையது இல்லை என்று ஒரு புருஷன்கூடச் சொன்னதில்லை. நெவேனா அந்தக் கோப்பைப் பிணவறை என்பாள். பிளாமென் அதைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

பிளாமென் கடைக் கதவில் நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தியா?” என்றார். “எப்படி வந்திருக்கு?”

“அது யாரு வாய் அண்ணே?”

“நெவேனாவோடதுதான். லேசா சரிபண்ணேன்.”

“பதினாலு.”

அவர் காதைச் சொறிந்தார். “உனக்குக் கண்ணு இருக்குடா, ஒத்துக்கறேன். ஊர்ல வேற எவனுக்குத் தெரியப்போவுது?”

அத்தை திங்கட்கிழமை வந்தாராம். மகள் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். கடை கம்ப்யூட்டரில் இருந்த அவளுடைய கடைசிப் படங்களில் ஒன்றை இவர் திறந்து காட்டியிருக்கிறார். அவள் இறந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு எடுத்தது. வெளிச்சம் பார்க்க எடுத்தது. அத்தை அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம்.

“அந்தம்மா அழுத அழுகை இருக்கே. வாய் கோணிக்கிட்டு இருக்கு, எம்பொண்ணு வலியில துடிச்சிருக்கா, இதையா ஊர் பூரா ஒட்டச் சொல்றன்னு. நான் என்ன கல்லா? பத்து நிமிஷ வேலை. செஞ்சு குடுத்தேன்.”

“என்கிட்டக் கேட்டிருக்கலாம்.”

“உங்கிட்டக் கேட்டா நீ இப்பல்லாம் எதுக்குப் பதில் சொல்ற? கெணத்துக்குள்ள பேசினாக்கூட மரியாதைக்குத் திரும்பி ஒரு சத்தம் வரும்.”

நான் பேட்டரியைக் கேமராவில் போட்டேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

வாயைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றால் அத்தையிடம்தான் கேட்க வேண்டும். அத்தையிடம் பேசினால் அந்த வரியும் வெளியே வரும். சனிக்கிழமை நாற்பதாம் நாள். அதுவரை இரண்டு நாள் இந்த வாய் ஊரில் சிரித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும் சிரிக்கும், மழை வரும்வரை. வேலையைப் பார்த்தேன்.

முதலில் ஒரு நாற்பதாவது பிறந்தநாள். சோஃபியாவிலிருந்து வந்த பெண், கணவன், இரண்டு தோழிகள். எல்லோர் மேலும் சூடாக்கிய ஒயின் வாடை. கோட்டைக் கொடுத்தேன். தொப்பியைக் கொடுத்தேன். வெள்ளை ரோமத் தொப்பி, ஒரு நாளைக்கு முப்பது தலை மாறும். நெவேனா சாயங்காலம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து உள்ளே சாராயம் தெளித்துக் காயவைப்பாள். முப்பத்தெட்டு நாளாக யாரும் தெளிக்கவில்லை. உள்பட்டி தேநீர்க் கறை நிறமாகிவிட்டது. தொட்டால் பிசுபிசுத்தது. அதை அந்தப் பெண்ணின் தலையில் நானே வைத்து, காதோரம் முடியை இழுத்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றேன்.

பக்கத்து வண்டிக்காரனின் நாய்கள் நாங்கள் படம் எடுக்கும் இடத்தில்தான் காலைத் தூக்கும். மஞ்சளாக இருந்ததன்மேல் பூட்ஸால் புதுப்பனியைத் தள்ளி மூடினேன். அங்கே மண்டியிடச் சொன்னேன். இரண்டு கையாலும் பனியை அள்ளி முகத்துக்கு நேரே வைத்து ஊதச் சொன்னேன். எல்லோருக்கும் அந்தப் படம் வேண்டும். ஊதினாள். பனி பறந்தது. மூக்கிலிருந்தும் ஒன்று பறந்து மேலுதட்டில் தங்கியது. தோழிகள் கைதட்டினார்கள். ஒருத்தி, இந்த வயதில் இவளை ஊதச் சொன்னால் மெழுகுவத்திகூட அணையாது, பனி மட்டும் எப்படிப் பறக்கிறது பார் என்றாள். உதட்டுச் சாயம் பல்லில் ஒட்டியிருந்தது. எடுத்தேன். பதினேழு படம் எடுத்தேன். எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிடுவோம். வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

கணவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராவை எட்டிப் பார்த்தான்.

“தம்பி, பின்னாடி கம்பத்துல அந்தச் செத்துப்போன பொண்ணு விழுது பாருங்க. கொஞ்சம் நகந்து எடுங்க.”

அவன் மனைவி மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்தாள். “பாவம், சின்ன வயசு,” என்றாள். “எவ்வளவு அழகா சிரிக்கறா.”

“அது அவ சிரிப்பு இல்ல,” என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. கேமராவை மார்பில் தொங்கவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். தாளின் மேல்மூலையைப் பிடித்து இழுத்தேன். பசை பாதி உறைந்திருந்தது. பட்டை பட்டையாக வந்தது. நெற்றி வந்தது, கண்கள் வந்தன, கன்னம் வந்தது. வாய் கம்பத்திலேயே தங்கிவிட்டது. நகத்தால் சுரண்டினேன். பசையும் மையும் கலந்து நகத்துக்குள் போனது.

பிளாமென் வாசலுக்கு ஓடிவந்தார். “என்னடா பண்ற? அஞ்சலியைப் போய்க் கிழிப்பாங்களா?” சோஃபியாக்காரர்கள் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நான் கீழே இறங்கினேன்.

பேருந்து நிறுத்தத்தில் இரண்டையும் கிழித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், யார் வீட்டுத் தாள் அது என்று கேட்டார்.

“எங்க வீட்டுதுதான்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்பவும் தப்புதான்,” என்றார்.

மருந்துக்கடைச் சுவர். தபால் நிலையக் கதவு. மின்கம்பங்கள். ரொட்டிக் கடைக்கு வந்தபோது கையில் ஏழு தாள்கள் சேர்ந்திருந்தன, ஈரமாக, கந்தலாக. எட்டாவது கடையின் கண்ணாடிக் கதவில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்லாட்கா அத்தை. சனிக்கிழமை கல்லறையில் பங்கிட வேண்டிய ரொட்டிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளைப் பிடித்த என் கையைப் பார்த்தார். வெளியே வந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“முப்பது ஒட்டியிருக்கேன்,” என்றார். “மிச்சத்தையும் கிழிச்சுட்டு வா. திரும்ப ஒட்டறேன். பசை இருக்கு.”

“அது அவ வாய் இல்ல, அத்தை.”

“தெரியும். நான்தான் மாத்தச் சொன்னேன்.”

“ஏன்?”

“நீ கேக்கறியா?” அவர் குரல் தணிந்தது. “நான் பாத்தேன் மாப்பிள்ளை, அந்தப் படத்தை. எம்பொண்ணு வாய் ஒருபக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு. மூக்கு சுருங்கியிருக்கு. மண்டைக்குள்ள வெடிக்கப்போற வலி. நீ எதுக்க நின்னு பொத்தானை அமுக்கியிருக்க. அவளை உக்கார வைக்கல, என்னன்னு கேக்கல, படம் எடுத்திருக்க. திங்கக்கிழமையிலேர்ந்து இதை வாய்க்குள்ளயே வச்சிருக்கேன். சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் இவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

ரத்தக்குழாய் ஒரே நொடியில் வெடித்தது, முன்கூட்டி வலி இருந்திருக்காது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அத்தை அதை நம்பவில்லை. இப்போது கையில் ஒரு சாட்சிப் படம் கிடைத்திருக்கிறது. எடுத்தவன் நான்.

“வலி இல்ல அத்தை. அவ பேசிட்டிருந்தா.”

“பொய் சொல்லாத.”

அந்தச் செவ்வாய்க்கிழமை மெமரி கார்டை நான் அழிக்கவில்லை. பேட்டரிகளோடு உள்சட்டையில்தான் கிடக்கும். எடுத்துக் கேமராவில் போட்டேன். பிளாமென் காட்டியது ஒரு படம். அன்று நான் எடுத்தது மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மூச்சில். திரையை அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்துச் சக்கரத்தை வேகமாகத் திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப ஒன்று. உதடு பிரிந்தது, கோணியது, குவிந்தது. புருவம் ஏறி இறங்கியது.

அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை திருப்பச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

“பேசறா,” என்றார்.

“ஆமா.”

“அம்மாவைப் பாத்துக்கோங்கறாளா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் காத்திருந்தார். தலையாட்டினால் போதாது என்று தெரிந்தது.

“அதை அவ சொல்லல அத்தை. நான் சொன்னது. ஆஸ்பத்திரியில நீங்க கேட்டீங்க. வேற ஒண்ணும் வரல எனக்கு.”

கடைப்படியில் பனி இருந்தது. அதைத் தட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக் கடைக்காரி உள்ளே ஏற்கனவே துடைத்த பலகையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

“முப்பத்தெட்டு நாளா அந்த ஒரு வரியைத்தான் வாயில போட்டுச் சப்பிட்டிருக்கேன்,” என்றார் அத்தை. “பாதிரியார்கிட்டச் சொன்னேன். அக்கம்பக்கம் சொன்னேன். அச்சடிச்சு ஒட்டினேன். அது உன் எச்சில்ங்கற.”

பிளாமென் ஒரு முகத்தில்தான் ஒட்டினார். நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. கையிலிருந்த கந்தல்களைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

“அப்ப என்னதான் சொன்னா?” என்றார். “உள்ளதைச் சொல்லு. நல்லதா மாத்தாத.”

சொன்னேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கேமராவை என் கழுத்திலிருந்து கழற்றிக்கூட எடுக்காமல், வாரோடு என்னையும் சேர்த்துக் குனிய வைத்து, நடுப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“கரண்டியை நக்கிட்டுத் திரும்பச் சட்டியில விட்டேன்னா இந்த மூஞ்சிதான் காட்டுவா எனக்கு,” என்றார். “ஏழு வயசிலேர்ந்து. இதைப் போய் வலின்னு நெனச்சேன் பாரு.” தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாரை அவர் விட நேரமானது. விட்டபின் சொன்னார்: “பொய் சொன்னதை நான் மன்னிக்கல. அது தனி.”

மீதியிருந்த இருபத்திரண்டையும் இரண்டு பேரும் சேர்ந்து கிழித்தோம். அவர் எங்கெங்கே ஒட்டினார் என்று அவருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் புதிய தாள்கள் வந்தன. நடுப்படம், அவளுடைய வாயோடு. கீழே வரி இல்லை.

சனிக்கிழமை கல்லறையில் வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் ஒயினும் கொடுத்தோம். இது என்ன படம், முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறாளே என்று நிறையப் பேர் கேட்டார்கள். பிளாமென் கோதுமையை மென்றுகொண்டே, இதற்கு அதுவே தேவலாம் என்றார். பாதிரியார், மகள் சொன்ன அந்த நல்ல வார்த்தையை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று அத்தையிடம் கேட்டார். அது தப்பாக அச்சாகிவிட்டது என்றார் அத்தை. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் இறந்த அன்று செவ்வாய்க்கிழமை. இரவு பெய்த பனி புதிதாக இருந்தது. ஒரு குடும்பம் மேலே போகக் காத்திருந்தது. வெளிச்சம் பார்க்க நெவேனாவைக் கோட்டு போட்டு நிறுத்தினேன். எனக்குச் சளி பிடித்திருந்தது. லென்ஸில் பனித்துகள் விழுந்தது. துடைத்தேன். மூன்று படம் எடுத்தேன். அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறினேன். பத்தேமுக்காலுக்குத் திரும்பி வந்தபோது அவள் கடைக்குள் கோட்டுக் குவியல்மேல் கிடந்தாள். இடையில் அவளிடம் யாரும் பேசவில்லை. அந்த மூன்று படத்துக்கும் கேமராவுக்கு எதிரே நின்று, என் கையைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னது:

“சீ. இப்பத்தான அந்தக் கையுறையில மூக்கைத் துடைச்ச. அதாலயே லென்ஸையும் துடைக்கறியே, பன்னி.”